தவமணி ரீச்சர் விட்ட இரண்டாவது கோணம்

செய்தி கொண்டுவந்தவர் சைக்கிளை விட்டு இறங்கவில்லை. "மாஸ்டர், ரியூட்டரியடியிலை ஷெல். தவமணி ரீச்சர் செத்துப்போனா" என்றார்.

"எங்கை, பங்கருக்குள்ளையோ?"

"இல்லை, மில் சுவரடியிலை."

நான் நம்பவில்லை. அந்தச் சுவரடியில் ஒருவரும் நிற்கக்கூடாது என்று எல்லோரையும் துரத்திக்கொண்டிருந்தவரே அவர்தான்.

சுன்னாகத்தில் ரியூசன் நடக்கும் ரியூட்டரியில் நான் படிப்பித்தது இரசாயனம், அவர் பிரயோக கணிதம். எறிந்த பொருள் எங்கே போய் விழும் என்று பார்க்கும் எறியக் கணக்கென்றால் ரீச்சர்தான். "கிடையை வேறையாப் பார், நிலைக்குத்தை வேறையாப் பார். நேரம் மட்டும் ரெண்டுக்கும் ஒண்டு" என்பார். புவியீர்ப்பால் வரும் கீழ்நோக்கிய ஆர்முடுகல் மாறாது என்று அவர் சொன்னால், ஊரில் மாறாமல் இருப்பது அது ஒன்றுதான் என்று நான் கேலி செய்வேன். சிரிக்கமாட்டார்.

இராணுவ முகாமிலிருந்து ஷெல் வரத் தொடங்கியதும் பெற்றோர் பிள்ளைகளை வகுப்புக்கு விடாமல் மறித்துவிட்டார்கள். முகாமுக்கும் எங்களுக்கும் நடுவே அரிசி மில்லின் உயர்ந்த சுவர் நின்றது. ரீச்சர் கணக்குப் போட்டார். சாய்வாய் வரும் ஷெல் சுவரைத் தாண்டினால் அப்பால் போய்த்தான் விழும், எங்கள் பக்கத்துச் சுவரடி பத்திரம். கரும்பலகையில் வளைகோடு கீறிக் காட்டினார். கணக்கென்றால் எங்கள் ஊரில் மறுபேச்சு ஏது? பிள்ளைகள் திரும்பி வந்தார்கள். முகாமில் சத்தம் கேட்டால் சுவரடிக்கு ஓடுவது எல்லோருக்கும் வழக்கமாயிற்று. நானும் ஓடினேன்.

ஒரு நாள் பாடத்தின் நடுவே வெண்கட்டியோடு வெளியே வந்தார். "மாஸ்டர், நான் பிழை விட்டிட்டன். ஒரே வேகத்திலை எறிஞ்சாலும் அதே இடத்துக்கு ரெண்டு கோணத்தாலை போகலாம். நான் சின்னக் கோணத்தை மட்டும் எடுத்தனான். பெரிய கோணத்தாலை வாறது சுவரைத் தாண்டி நேரை உச்சந்தலையிலை விழும்."

"இவ்வளவு நாளும் ஒண்டும் நடக்கேல்லைத்தானே, ரீச்சர்?"

"நடக்காதது நிறுவல் இல்லை, மாஸ்டர்."

பதுங்கிக்கொள்ள மண்ணுக்குள் பங்கர் வெட்டுவித்தார். வகுப்பு வகுப்பாகப் போய்த் தன் பிழையைச் சொன்னார். முதலில் சொன்னதை ஒரே நாளில் நம்பிய சனம், திருத்திச் சொன்னதை நம்பவில்லை. சத்தம் கேட்டதும் கால்கள் சுவருக்கே போயின. கோழி கலைப்பதுபோல ரீச்சர் கலைத்துக்கொண்டு நிற்பார். கத்திக் கத்தித் தொண்டையும் கட்டிப்போயிற்று.

ரியூட்டரியில் மணி அடிக்கும் செல்லத்துரை அண்ணை செத்தவீட்டில் தலை நிமிரவேயில்லை. "எல்லாரும் பங்கருக்குள்ளை. நான் மட்டும் சுவரடியிலை. ரீச்சர் வெளியிலை வந்து என்ரை கையைப் பிடிச்சு இழுத்தவ. 'நீங்கள்தானே ரீச்சர் சொன்னனீங்கள்' எண்டு நான் உதறிப்போட்டன். விடேல்லை. 'ஓடுங்கோ' எண்டு முதுகிலை பிடிச்சுத் தள்ளினவ. நான் பங்கருக்குள்ளை விழேக்கை அவ இன்னும் சுவரடியிலை."

எனக்கு அண்ணைமேல் கோபம் வரவில்லை. அவர் ரீச்சரிடம் சொன்னதை நாங்கள் எல்லோரும்தான் சொல்லிக்கொண்டிருந்தோம். வீட்டுக்கு வந்து அழுதேன்.

ரீச்சரை அறிந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஷெல் சிதறல்கள் கொத்திய அடையாளங்களோடு மில் சுவர் விழாமல் நிற்கிறது. அதைப் பார்த்துவிட்டு, "சுவர் தாங்கிட்டுது" என்று சனம் கதைக்கிறது. நேற்றும் முகாமில் சத்தம் கேட்டது. பிள்ளைகள் அங்கேதான் ஓடினார்கள். ரீச்சர் கத்துவதுபோலவே நான் கத்தினேன். அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தக் கத்தல்தான்.

பாதிப் பேர்தான் பங்கர் பக்கம் திரும்பினார்கள்.