மார்ஃபினுக்கு வாங்கிய லைசென்ஸ்

தொண்ணூறுகளின் கடைசியில் திருவண்ணாமலை செங்கம் ரோட்டில் இருந்த ஒரு சிறிய தர்ம ஆஸ்பத்திரியில் மருந்தாளுநராக வேலை பார்த்தேன். அங்கே கீழ்பென்னாத்தூர் பக்கத்திலிருந்து ஒரு விவசாயியை அழைத்து வந்தார்கள். புற்றுநோய் எலும்பு வரை பரவியிருந்தது. வலியில் அவரால் படுக்கவும் முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை.

அவர் மனைவி என்னிடம் வந்து, "பொழைக்க வைங்கன்னு கேக்கலைம்மா. அவரு கத்தாம இருக்க ஏதாச்சும் குடுங்க" என்றார்.

அந்த வலியை அடக்க மார்ஃபின் என்ற மாத்திரை உண்டு. ஆனால் எங்களிடம் இல்லை. போதைப்பொருள் சட்டத்தில் வரும் மருந்து. வாங்க ஒரு அனுமதி, வைத்திருக்க ஒன்று, வெளியூரிலிருந்து கொண்டுவர இன்னொன்று. கடைசி அனுமதி கிடைப்பதற்குள் முதலாவது காலாவதியாகிவிடும் என்று யாரும் அந்தப் பக்கமே போவதில்லை. நான் போகிறேன் என்று டாக்டரிடம் சொன்னேன்.

சட்டத்தை வரிவரியாகப் படித்துக்கொண்டு, ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கி இரண்டு அனுமதிகள் வாங்கிவிட்டேன். மூன்றாவதில் ஃபைல் நகரவில்லை. முதல் லைசென்ஸ் முடிய நான்கே நாள்.

அந்த ஆபீஸ் அதிகாரி என்னை ஏற இறங்கப் பார்த்தார். "கிரிவலப் பாதையில கஞ்சா விக்கிறவனுங்களப் புடிக்கவே எங்களுக்கு நேரம் போதலை. இதுல நீ வேறயாம்மா? ஒரு மாத்திரை கம்மியானாலும் ஜெயிலு, தெரியுமில்ல?"

"பொறுப்பு என் பேர்லயே எழுதிக்கோங்க சார்" என்றேன். அந்த அம்மாள் கேட்டதையும் அப்படியே சொன்னேன்.

அவர் ஃபைலை இழுத்து, "ரெட்டைப் பூட்டு அலமாரி வேணும். சொல்லாம வந்து செக் பண்ணுவேன்" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

மருந்து வந்த மூன்றாம் நாள், அந்த அம்மாள் அழுதுகொண்டே சிரித்தார். "குழம்புல உப்பு ஜாஸ்தின்னு திட்டறாரும்மா! எத்தினி மாசமாச்சு, அவரு திட்டி!"

அவர் அதன்பிறகு ஐந்து மாதம் இருந்தார். தூங்கினார், பேசினார், கத்தாமல் போய்ச் சேர்ந்தார்.

சொன்னபடியே அதிகாரி திடீரென்று வந்தார். மாத்திரைகளை எண்ணி, பதிவேட்டோடு ஒப்பிட்டார். ஒன்றுகூடக் குறையவில்லை. அடுத்த மாதம் வேறொரு ஊர் ஆஸ்பத்திரிக்காரர்களை, "அந்தம்மாகிட்ட கேட்டுக்குங்க" என்று என்னிடமே அனுப்பிவைத்தார்.

எத்தனையோ மருந்துகளைக் கொடுத்திருக்கிறேன். ஆனால் எல்லோரும் பயந்து ஒதுங்கிய ஒரு சட்டத்தை ஒழுங்காகப் படித்து, அதன் வழியாகவே ஒரு மனிதரின் வலியைத் தீர்த்ததை நினைத்தால்தான் இன்றைக்கும் எனக்குத் தலை நிமிர்கிறது.