உலக்கை ஓய்ந்த தெரு

இப்போது எங்கள் ஊருக்கு நெல் குத்தும் மில் வந்துவிட்டது. சத்தம் தாங்கவில்லை என்று எல்லோரும் முணுமுணுக்கிறார்கள். எனக்குச் சத்தம் பெரிதில்லை. மத்தியானம் மில்லை நிறுத்துவார்களே, அந்த அமைதிதான் தாங்கவில்லை. அப்போதெல்லாம் என் மைனி, அண்ணன் மனைவி, கண்முன்னே வந்து நின்றுவிடுகிறாள்.

மாசியில் கும்பப்பூ நெல் அறுவடை முடிந்து வீட்டுக்கு வீடு உலக்கைச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்த சமயத்தில், மைனியின் தலைப்பிள்ளை காய்ச்சலில் போய்விட்டான். தவழக்கூடத் தொடங்கவில்லை. சாவு விழுந்த தெருவில் பதினாறு கழியும்வரை யாரும் உலக்கை எடுப்பதில்லை. ஆனால் பச்சைப் பிள்ளைக்குப் பதினாறு ஏது? மறுபடி எப்போது தொடங்குவது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. நாம் முதலில் குத்தினால் அவள் மனசு நோகுமே என்று ஒவ்வொரு வீட்டுக்காரியும் அடுத்தவளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நெல்லைச் சுமந்துபோய் மேலத்தெருவில் குத்திக்கொண்டு வந்தார்கள். நல்ல மனசுதான், குறை சொல்லமாட்டேன். ஆனால் அதுவே அவளை வதைத்தது.

அந்த அமைதியில் எந்த ஓசையும் அவளுக்குப் பிள்ளையின் அழுகையாகிவிட்டது. கிணற்று ராட்டினம் கிறீச்சிட்டால் எழுந்து ஓடுவாள். பூனை கத்தினால் பால் சுரந்து சேலை நனைந்துவிடும். "ஏட்டி, புள்ள அழுகான், கேக்கியா?" என்பாள். எனக்குக் கேட்டதெல்லாம் கதவு முனகும் ஓசை. துக்கத்துக்கென்று தனியாக ஒரு காது இருக்குமோ என்னவோ.

ஒருநாள் காலையில் தெருவில் இறங்கி நின்று கெஞ்சினாள்.

"குத்துங்க மக்கா. உங்களுக்குப் புண்ணியமாப் போகும். சத்தம் இல்லாம எனக்கு இருக்க முடியல்ல."

ஒருத்தியும் அசையவில்லை. எதிர்வீட்டு அத்தை மட்டும், "மனசு ஆறட்டும் பிள்ளே" என்று அழுதாள்.

மைனி உள்ளே வந்தாள். உரலில் நெல்லைக் கொட்டி உலக்கையை எடுத்தாள். இழவு வீட்டில் உலக்கையா என்று அம்மா கையைப் பிடித்தாள். மைனி கேட்கவில்லை. தெரு அதிர அதிரக் குத்தினாள். வேர்வை வடிய வடிய முகம் தெளிந்து வந்தது. எனக்கு அப்பாடா என்றிருந்தது.

திடீரென்று உலக்கையை நிறுத்திக் காதைச் சாய்த்தாள்.

"போய்ப் பாரு மக்கா. முழிச்சிட்டானா?"

நான் போனேன். முன்பு தொட்டில் கட்டியிருந்த வெற்று உத்திரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். திரும்பி வந்து, "ஒறங்குகான் மைனி" என்றேன்.

அதன்பிறகு மெதுவாகக் குத்தினாள்.