சமையலறையில் கேட்ட சீறல்

மறைமலைநகர் கம்பெனி ஒன்றில் கார் சீட் தைக்கும் மார்கரெட்டுக்குப் படுத்ததும் தூக்கம் வந்துவிடும். மகள் சிநேகாவுக்கோ விளக்கை அணைத்தால் எந்தச் சத்தமும் பயம்தான். அன்றும் அவள் அம்மாவை உலுக்கினாள்.

"ம்மா, கிச்சன்ல பாம்பு சீறிகினு கீதும்மா."

"ஒண்ணும் இல்ல, கம்முனு படு."

"நெசமாம்மா, நீயே வந்து கேளு."

அலுப்போடு எழுந்துபோன மார்கரெட் சமையலறை ஸ்விட்சைப் போடக் கை நீட்டினாள். கேஸ் வாடை குப்பென்று மூக்கில் ஏறியது. கை அந்தரத்தில் நின்றது.

இருட்டிலேயே தடவிப்போய் சிலிண்டரின் ரெகுலேட்டரை மூடினாள். சீறல் அடங்கியது. கதவையும் ஜன்னலையும் திறந்துவிட்டு, மகளைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடினாள்.

"பாம்பு பூடுச்சாம்மா?"

"பாம்பு இல்ல கண்ணு, கேஸ் டியூப் லீக் ஆய்கீது. நீ மட்டும் எழுப்பலன்னா..."

மகளை இறுக்கி அணைத்துக்கொண்டாள். வாடை போகும்வரை இருவரும் வாசலிலேயே உட்கார்ந்திருந்தார்கள்.