கடனடைக்கப் போன செவ்வாய்க்கிழமை

அந்த லிஃப்ட் மெக்கானிக்குக்குக் கடன் என்றால் மட்டும் பயம். முப்பத்தொரு வருஷம் மாடிக் கட்டடங்களின் கிணறு போன்ற குழிகளுக்குள் இரும்புக் கயிற்றை நம்பி ஏறி இறங்கிய மனிதர், வீட்டுக் கடன் தவணை நாளன்று சோறு இறங்காமல் உட்கார்ந்திருப்பார்.

ஓய்வு பெற்றபோது கையில் வந்த தொகை, பாக்கிக் கடனுக்கு அளவெடுத்துத் தைத்ததுபோல் சரியாக இருந்தது. அடைத்துவிட்டால் வீடு முழுக்கத் தன்னுடையது. ஆனால் சல்லிக்காசு மிஞ்சாது.

"இன்னும் ஏழு வருஷந்தானே மாமா? கையில காசு இருந்தா ஒரு அவசரத்துக்கு ஆகும். மருந்துக் கடையில போய் வீட்டுப் பத்திரத்தையா நீட்டுவீங்க?" என்றான் மச்சினன்.

"வாடகை வீட்ல இருக்கிறவனுக்கு இதெல்லாம் புரியாது, போடா."

மனைவியிடம் கேட்டார். "உங்க இஷ்டம்" என்றாள். கொஞ்ச நாளாக எதைக் கேட்டாலும் அதே பதில்தான். பாதிப் பேச்சில் எழுந்து போய்விடுவாள். தையல் ஆலையில் இருபது வருஷம் மாடாக உழைத்தவள், அலுத்துப் போயிருப்பாள் என்று மனதைத் தேற்றிக்கொண்டார்.

செவ்வாய்க்கிழமை இருவரும் வங்கிக்குப் போனார்கள். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னாலிருந்த அதிகாரி ஓர் இளம்பெண். "அம்மா, இது ரெண்டு பேர் பேர்லயும் இருக்கிற கடன். முழுசா அடைக்க உங்களுக்குச் சம்மதமா?"

மனைவி சிரித்தபடி, "அம்பத்தெட்டு" என்றாள்.

அந்தப் பெண் விழித்தாள். இன்னொரு தடவை கேட்டாள்.

"வேண்டாம்மா, இப்பத்தான் காபி குடிச்சிட்டு வந்தேன்."

அவருக்கு முதலில் சிரிப்பு வந்தது. பாதியில் அது நின்றுவிட்டது. வாசல் மணி அடித்தாலும் அவள் அசையாதது, அவர் பேசினால் அவர் உதட்டையே பார்த்துக்கொண்டிருப்பது எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக ஞாபகம் வந்தன. கிறீச்சென்ற ஒரு சத்தத்தை வைத்தே எந்தச் சக்கரம் தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுகிறவர் அவர். வீட்டில் நடந்தது தெரியவில்லையே!

கையெழுத்துப் போடாமல் படிவத்தை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தார். அவளை வெளியே அழைத்துவந்து, பெஞ்சில் முகத்துக்கு நேரே உட்கார்ந்து, "எத்தனை நாளா?" என்று காதைத் தொட்டுக் காட்டினார்.

மறைத்துப் பயனில்லை என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. "ரெண்டு வருஷம் இருக்கும். டாக்டர்கிட்டயும் போனேன். ரெண்டு காதுக்கும் மெஷின் வைக்கணும்னார். விலையைச் சொன்னப்ப மட்டும் நல்லாவே கேட்டுச்சு."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"தவணை அன்னைக்கு நீங்க தட்டைப் பார்த்துட்டே உக்காந்திருப்பீங்களே, அதைப் பார்த்துட்டு எப்படிச் சொல்றது? கடன் அடையட்டும், என் காது எங்க போயிடப் போகுதுன்னு இருந்துட்டேன். எந்திரிங்க, வந்த வேலையை முடிப்போம்."

"கடன்தான் எங்கயும் போயிடாது!" என்று கத்தினார். வாசல் காவலாளி முதற்கொண்டு எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். "முதல்ல உன் காது!"

அவள் முணுமுணுத்துக்கொண்டே வந்தாள். டாக்டரின் வாசல்வரைக்கும் கணக்குச் சொன்னாள். அவர் கேட்காதவர்போல் நடந்தார்.

இரண்டு வாரத்தில் இரண்டு காதிலும் மெஷின் ஏறியது. மிச்சத்தில் ஒரு பங்கை அவசரத்துக்கென்று ஒதுக்கிவிட்டு, மீதியைக் கடனில் கட்டினார்கள். ஏழு வருஷம் மூன்றரையாகச் சுருங்கியது. மச்சினன் தன் யோசனைதான் பலித்தது என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தான்.

மெஷின் வைத்த முதல் நாள் சாப்பாட்டு மேஜையில் அவள் முகத்தைச் சுளித்தாள். "நீங்க மெல்லுறது இவ்வளவு சத்தமாவா கேக்கும்? ரெண்டு வருஷம் நிம்மதியா இருந்திருக்கேன்."

அவருக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. ஓய்வு பெற்ற அன்று நடந்த விருந்தில் மேனேஜர் பேசியதிலிருந்து ஆரம்பித்து ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கினார். பழக்கதோஷத்தில் குரல் உயர்ந்துகொண்டே போயிற்று.

அவள் அவர் கைமேல் கை வைத்தாள். "மெதுவாவே பேசுங்க. கேக்குது."