கடை நின்னா எனக்குத்தான் போன் வரும்

போன மார்கழியில, பொங்கலுக்குக் கொஞ்ச நாள் இருக்கும்போது நடந்தது இது. எங்க வீடு கள்ளக்குறிச்சியில இருந்து கல்வராயன் மலைக்கு ஏறுற ரோட்டுல, கச்சிராயபாளையத்துக்குப் பக்கத்துல இருக்கு. நான் அஞ்சாவது வரைக்கும்தான் படிச்சேன், எழுத்துல தப்பு இருந்தா பொறுத்துக்குங்க. கூச்ச சுபாவம் வேற. மளிகைக் கடைக்குப் போனாக்கூட மத்தவங்க வாங்கி முடிக்கிற வரைக்கும் ஓரமா நின்னுக்கினு இருப்பேன். போன்ல புது ஆள் குரல் கேட்டா நாக்கு ஒட்டிக்கும்.

வீட்டுல நானும் மருமகளும்தான். பையன் திருப்பூர்ல பனியன் கம்பெனியில இருக்கான். மருமக மலைக்குப் போய் சாமை, தேன், புளி வாங்கிவந்து, சுத்தம் பண்ணி, இன்டர்நெட்ல கடை போட்டு விக்கிறா. அந்தக் கடைக்குக் கதவும் கிடையாது, பூட்டும் கிடையாது. சென்னையில இருக்கிறவங்க போன்லயே பார்த்துட்டுக் கேக்கறாங்க, இவ பார்சல் கட்டி அனுப்பறா.

தீபாவளி சமயத்துல அந்தக் கடை அப்படியே நின்னுபோச்சு. யார் திறந்தாலும் வெள்ளையா வருது. இவ அன்னிக்கு மலை மேல. கரியாலூரைத் தாண்டி உள்ள போயிட்டா சிக்னல் இருக்காது. மறுநாள் ஒருத்தங்க கூப்பிட்டு, கடையை மூடிட்டீங்களான்னு கேட்டப்பதான் எங்களுக்கே தெரிஞ்சது. அதுக்குள்ள வாடிக்கையா வாங்கறவங்க பலபேர் வேற இடம் பார்த்துட்டாங்க. அரைச்சு வெச்ச சாமை மாவு அப்படியே தேங்கிடுச்சு. அன்னிக்கு அவளுக்குச் சோறு இறங்கல.

"இன்னொரு வாட்டி இப்பிடி ஆச்சுன்னா எல்லாத்தையும் ஏறக்கட்டிட்டு அவருகிட்டயே திருப்பூருக்குப் போயிடறேன் அத்தை"ன்னு சொன்னா.

போவாதம்மான்னு சொல்ல வாய் வரல. அவ போயிட்டா இந்த வீட்டுல நானும் அம்மியும்தான்.

அதுக்கப்புறம்தான் அவ அந்தக் காவல் மெஷினைத் தேட ஆரம்பிச்சா. கடை திறந்திருக்கான்னு சும்மா சும்மா போய்த் தட்டிப் பார்த்துக்கினே இருக்குமாம். திறக்கலைன்னா நமக்குச் சேதி சொல்லுமாம். அதுல எத்தனையோ தினுசு. ஒண்ணொண்ணா வெச்சு, அவளே கடையை நிறுத்திட்டு, எது எப்படிச் சொல்லுதுன்னு பார்த்தா. ஒண்ணு மெயில் அனுப்பிச்சு. மெயிலைப் பார்க்க நெட் வேணும், மலையில அதுக்கு எங்க போறது. இன்னொண்ணு, கடை கொஞ்சம் மெதுவாத் திறந்தாலே நின்னுபோச்சுன்னு கத்திச்சு.

"தெரு நாயாட்டம் காத்துக்கெல்லாம் கொலைக்குது அத்தை. கொஞ்ச நாள்ல நாமளே கண்டுக்க மாட்டோம்"னு அதையும் எடுத்துட்டா.

கடைசியா அவளுக்குப் பிடிச்சது போன் பண்ற மெஷின். முதல்ல அவளுக்குப் பண்ணும். கிடைக்கலைன்னா அடுத்த ஆளுக்கு. அடுத்த ஆள் நம்பர் கேட்டப்ப, பையன் நம்பரைத்தான் போடுவான்னு நினைச்சேன். என் நம்பரைப் போட்டா.

"எனக்கு இன்னாத்துக்கும்மா இதெல்லாம். யாருகிட்ட இன்னா பேசறது."

"நீங்க பேசவே வேணாம் அத்தை, அது மெஷினு. கேட்டுட்டு ஒண்ணை அமுத்துங்க, போதும்."

"இங்கிலீசுல பேசுமே."

"டவுன்னு சொன்னா நின்னுபோச்சு. அப்னு சொன்னா வந்துடுச்சு. உங்க இங்கிலீசு அவ்ளோதான், முடிஞ்சுது."

என் போன்ல அந்த நம்பருக்குக் 'கடை'ன்னு பேர் போட்டுக் கொடுத்தா. பழகிப் பார்க்கலாம்னு கடையை நிறுத்தினா. போன் அடிச்சுது. நான் பாட்டுக்கு முருங்கைக்கீரை உருவிக்கினு இருந்தேன். எங்க வீட்டுப் பழக்கம் அப்படி. பையன் திருப்பூர் போய்ச் சேர்ந்தா ரிங் மட்டும் விடுவான், எடுக்கக் கூடாது. அடிச்சாலே ஆள் நல்லபடியா இருக்கான்னு அர்த்தம். இது விட்டு விட்டு அடிச்சுக்கினே இருந்தது. மருமக சிரிச்சுட்டா. "இது போய்ச் சேந்துட்டேன்னு சொல்ற போன் இல்ல அத்தை. நீங்க எடுக்கற வரைக்கும் வுடாது. உங்களுக்காவதான் இதைப் பார்த்து எடுத்தேன்."

பொங்கலுக்கு முன்னே ஒரு நாள் காலையில, சாமை புடைச்சுக்கினு இருக்கேன், போன்ல 'கடை'ன்னு வருது. எடுத்தேன். என்னென்னமோ பேசி, நடுவுல டவுன்னு சொல்லிச்சு. ஒண்ணை அமுத்தினேன். மருமகளைக் கூப்பிட்டா தொடர்பு எல்லைக்கு வெளியேன்னுது. காலையிலதான் மலை ஏறிப் போனா. கடையைச் சரி பண்ணித் தர்ற கம்பெனிக்காரங்க, அவளே போன் போட்டு ரகசிய நம்பர் சொன்னாத்தான் கையே வைப்பாங்க. பொங்கல் ஆர்டர் வர்ற நேரம். இதுவும் போச்சுன்னா அவ சொன்னபடி கிளம்பிடுவா.

எங்க பக்கம் மலைக்கு அவசரமா ஏதாவது அனுப்பணும்னா பஸ்தான். மாத்திரையும் போகும், நாத்தும் போகும், சாவு சேதியும் போகும். கண்டக்டர்கிட்ட சொன்னா ஊர்ல சேர்த்துடுவார். நான் ஒருநாளும் சொன்னதில்லை. அன்னிக்குப் போனேன். பஸ் நிறைய சனம்.

"இன்னா ஆயா, ஏறு ஏறு."

"ஏறலப்பா. ஒரு சேதி."

"சேதிக்கு டிக்கெட் இல்ல. சத்தமா சொல்லு, கேக்கல."

உள்ள சிரிச்சாங்க. திரும்பி வீட்டுக்கு ஓடிடலாமான்னு இருந்தது. கம்பியைப் பிடிச்சுக்கினு சொன்னேன். "சாமை வாங்க வருமே, எம் மருமவ. அதுங்கிட்ட கடை நின்னுபோச்சுன்னு சொல்லணும்."

"மலையில ஏது ஆயா அதுக்குக் கடை?"

"போன்ல இருக்கற கடைப்பா."

இப்ப இன்னும் சிரிப்பு. ஆனா நடுவுல உக்காந்திருந்த ஒரு மலைக்காரப் பொம்பளை எட்டிப் பார்த்துச்சு. "எங்க ஊரு சாமை அந்தக் கடையிலதான் போவுது. சிரிக்காதீங்க. நீ போம்மா, நான் சொல்றேன். பாறை மேல ஏத்தி வுட்டா சிக்னல் கெடைக்கும்."

கண்டக்டர் சிரிப்பை விட்டுட்டார். "கடை நின்னுபோச்சு, பாறை மேல ஏறி போன் போடணும். சரிதானே ஆயா?"ன்னு கேட்டுட்டு விசில் அடிச்சார்.

வீட்டுக்கு வந்து போனை மடியில வெச்சுக்கினு உக்காந்துட்டேன். முறத்துல சாமை பாதியில கிடக்குது. வெயில் ஏறி உச்சிக்கு வந்தப்புறம் 'கடை'ன்னு அடிச்சுது. காதுல வெச்சேன். அப்னு சொல்லிச்சு. மெஷினுன்னு தெரியும். இருந்தாலும், "சரிம்மா, நல்லா இரும்மா"ன்னு அதுகிட்ட சொல்லிட்டேன்.

கொஞ்ச நேரத்துல மருமக கூப்பிட்டா. காத்து சத்தத்துல அவ குரல் விட்டு விட்டு வந்தது. "வந்துடுச்சு அத்தை."

"தெரியும்"னேன். சிரிச்சா.

"பஸ்சுல அத்தினி பேர் முன்னாடி பேசினீங்களாமே. இந்தக்கா சொல்லுது."

"ஏம்மா, அவன் நம்பரைப் போட்டிருக்கக் கூடாதா."

"அவரு ஷிப்டுல போனே எடுக்க மாட்டாரு. நீங்க எடுக்கத்தான் பயப்படுவீங்க. எடுத்துட்டா வுட மாட்டீங்க, எனக்குத் தெரியும்."

திருப்பூர் பேச்சை அதுக்கப்புறம் அவ எடுக்கல, நானும் கேக்கல. இப்ப அந்த மெஷின் போன் பண்ணாத நாள்தான் ஜாஸ்தி. மளிகைக் கடையில இன்னமும் நான் ஓரமாத்தான் நிக்கிறேன். ஆனா ஏதாவது ஒண்ணுன்னா அடுத்து யாருக்குச் சொல்லணும்னு மெஷின் கேட்டப்ப ஒருத்தி யோசிக்காம என் நம்பரைப் போட்டாளே, அதை நினைச்சுக்கினே, அடிக்காத அந்தப் போனை முந்தானையில துடைச்சுத் துடைச்சு வெச்சுக்கறேன்.