கிடங்கில் நிற்காத சரக்கு

திருவொற்றியூர் தேரடிப் பக்கம் புளியும் வற்றலும் மொத்த வியாபாரம் செய்யும் ராமசெல்விக்கு யாரையும் நம்பிப் பழக்கமில்லை. எடைமேடைச் சீட்டோடு லாரி வந்து நின்றாலும், மூட்டையைத் தன் தராசில் ஏற்றிப் பார்த்த பிறகுதான் இறக்கவிடுவாள். அந்தத் தராசின் மீதும் அவளுக்கு அவ்வப்போது சந்தேகம் வரும். இந்தக் குணம் இல்லையென்றால் கணவர் இறந்த வருடமே கடையும் போயிருக்கும் என்பாள். அதில் பொய்யில்லை.

மாசி பங்குனியில் புதுப்புளி மலிவாக வரும்போது வாங்கி மணலிச் சாலைக் கிடங்கில் அடுக்குவாள். மழைக்காலத்தில் விலை ஏறியதும் எடுப்பாள். நடுவில் தரகர் யாராவது போன் போட்டு, விலை இறங்கப் போகிறது, இப்போதே தள்ளிவிடுங்கள் என்று அக்கறையாகச் சொன்னால், அவர் மடியில் மலிவாக வாங்கச் சொல்லி யாரோ ஒரு பெரிய ஆள் கொடுத்த ஆர்டர் இருக்கிறது என்று அர்த்தம். ராமசெல்வி போனை வைத்துவிட்டுக் கிடங்குக்கு இன்னொரு பூட்டு போடச் சொல்லுவாள். ஒவ்வொரு முறையும் விலை ஏறத்தான் செய்தது.

இப்படி இருந்தவளைப் பங்குச்சந்தைக்கு இழுத்து வந்தது அவள் கடை இருந்த கட்டடம். உரிமையாளர் லியோனார்ட் துறைமுகத்தில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். மகனோடு வெளிநாடு போய்விடுவதாக முடிவு செய்து கட்டடத்தை விற்கக் கிளம்பியவர், "முதல்ல உங்ககிட்டதாம்மா கேக்குறேன், கிறிஸ்துமஸ் வரைக்கும் வேற யார்கிட்டயும் பேச மாட்டேன்" என்றார். முக்கால் பங்கு பணம் அவளிடம் இருந்தது. மீதிக்கு வங்கிக்குப் போயிருக்கலாம். ஆனால் கடன் பத்திரத்தில் எழுத்து அவ்வளவு பொடியாக இருப்பதே எதையோ ஒளிக்கத்தான் என்பது அவள் தீர்மானம்.

பங்கு வாங்குவதில் அவளுக்குத் தெரிந்தவர்கள் இரண்டு பேர். ஒருத்தி, கணவரின் அக்காள் ஆவுடையம்மாள், யானைக்கவுனியில் பாத்திரக்கடை வைத்திருந்தவள். மாதாமாதம் நான்கு பங்கு வாங்கிப் போட்டுவிட்டு, ஏறியதா இறங்கியதா என்று எட்டிக்கூடப் பார்க்கமாட்டாள். இன்னொருவன், அதே கட்டடத்து மாடியில் பங்குக் கணக்கு தொடங்கிக் கொடுக்கும் டெரிக். ராயபுரத்துக்காரன், அப்பா காசிமேட்டில் படகு வைத்திருந்தவர். காலையில் வாங்கி, லாபமோ நஷ்டமோ, சந்தை மூடும் மூன்றரை மணிக்குள் விற்றுவிட்டுக் கையை உதறிக்கொண்டு எழுந்துவிடுவான்.

மதினியின் வழியில் போனால் கட்டடம் பேரப்பிள்ளைகள் காலத்தில்தான் கிடைக்கும். டெரிக்கின் வழி வெறும் படபடப்பு. ராமசெல்வி இரண்டையும் ஒதுக்கிவிட்டு, ஃபியூச்சர் என்பதைப் பிடித்துக்கொண்டாள். கொஞ்சம் முன்பணம் கட்டினால் பெரிய சரக்கு கைக்கு வரும் என்று டெரிக் ஒருநாள் யாருக்கோ விளக்கிக்கொண்டிருந்தான். முன்பணம் கொடுத்துச் சரக்கை மடக்குவது அவளுக்குத் தெரியாததா? சந்தை சற்று இறங்கியிருந்த ஒரு நாளில், டெரிக்கின் அலுவலகம் மூலமாகவே, சந்தைக் குறியீடான நிஃப்டியில் ஃபியூச்சர் வாங்கினாள்.

"அக்கா, ஸ்டாப் லாஸ் போட்டுக்கோக்கா. இந்த வெலைக்குக் கீழ போனா அதுவே வித்துடும்," என்றான் டெரிக்.

ராமசெல்விக்குச் சுருக்கென்றது. எந்த விலைவரை இறங்கி வருவோம் என்பதை எந்த வியாபாரியாவது வாய்விட்டுச் சொல்வானா? சொன்ன மறு நிமிடம் சந்தை அந்த விலைக்கு வந்து நிற்குமே. "அதெல்லாம் வேண்டாம்ப்பா," என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள்.

சந்தை மேலும் இறங்கியது. அன்றன்றைய நஷ்டத்தை அன்றன்றே கணக்கில் கட்டச் சொல்லிச் செய்தி வந்தது. அவள் அதைக் கிடங்கு வாடகை என்றே எடுத்துக்கொண்டாள். சரக்கை வைத்திருந்தால் வாடகை கொடுக்கத்தானே வேண்டும்! கட்டடத்துக்கு வைத்திருந்த பணத்திலிருந்து முகம் சுளிக்காமல் கட்டினாள்.

ஒரு மதியம் டெரிக் கடைக்கே வந்துவிட்டான். "அக்கா, வித்துட்டு வெளிய வந்துடுக்கா. பேஜாராப் போவுது."

ஆக, இவனும் அந்தத் தரகர்கள் சாதிதான். அவன் போன கையோடு, சொல்லாமல் கொள்ளாமல் மாடியேறினாள். அவன் திரையில் என்ன இருக்கிறது என்று பார்த்தே ஆகவேண்டும்.

"நீ இன்னைக்கு என்ன செஞ்சிருக்க?"

"வித்து வெச்சிகினு கீறேன்கா."

"உன்கிட்ட இருந்துச்சா, விக்கதுக்கு?"

"இல்லக்கா. மொதல்ல வித்துட்டு, எறங்கனதும் வாங்கிக் கணக்கு தீத்துடுவேன்."

இல்லாத சரக்கை விற்கிறான். விலை இறங்கினால் இவனுக்கு லாபம். அதற்காக என்னையும் விற்கச் சொல்கிறான். ராமசெல்விக்கு எல்லாம் வெட்டவெளிச்சமாகிவிட்டது. "நீ ஒருத்தி வித்தா மார்க்கெட்டு விழுந்துடுமாக்கா?" என்று அவன் பின்னாலேயே படிவரை வந்து கெஞ்சியது அவள் காதில் ஏறவில்லை. அன்றோடு அவனிடம் பேச்சை நிறுத்தினாள். போனிலும் அவன் எண்ணைத் தடுத்து வைத்தாள்.

மாதக் கடைசிச் செவ்வாய் போய், புதன்கிழமை காலை போனில் பங்குக் கணக்கைத் திறந்தாள். சரக்கு இல்லை. வைத்திருந்த இடம் துடைத்தாற்போல் இருந்தது. தடதடவென்று மாடியேறி, கதவைத் தட்டாமலே உள்ளே போனாள்.

"என் சரக்கு எங்கடா?"

"முடிஞ்சி போச்சுக்கா. மாசக் கடைசியோட அது முடிஞ்சிடும். சொல்லத்தான் போன் மேல போன் போட்டேன். நீதான் பிளாக் பண்ணி வெச்சிகீறியே!"

"நான் விக்கவே இல்லயே! வாடகை கட்டிக்கிட்டுதான இருக்கேன்?"

"இன்னாக்கா நீ, இத்தப் புளின்னு நெனச்சிகினியா? இது மீனுக்கா. கரைக்கு வந்தா வித்தே ஆவணும்."

முக்கால் பங்காக இருந்த பணம் பாதியைவிடக் குறைந்து போயிருந்தது. இதில் எரிச்சலான விஷயம், அடுத்த இரண்டு வாரத்தில் சந்தை எழுந்து பழைய இடத்துக்கே வந்துவிட்டது. அது விழுந்ததே ஆவுடையம்மாளுக்குத் தெரியாது. ராமசெல்வி இளைத்திருப்பதை யாரோ சொல்லிக் கேள்விப்பட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளே வந்தாள். கேட்க வேண்டியதையெல்லாம் கேட்டு முடித்துவிட்டு, காப்பித் தம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே சொன்னாள்.

"ஏட்டி செல்வி, என் பங்குல முக்காவாசிய வித்துத் தாரேன். கட்டடத்த முடிச்சிரு. கைல இருக்கும்போது திருப்பிக் குடு, போதும். லியோனார்ட் சார்ட்ட நாளைக்கே போயிருவோம்."

ராமசெல்விக்கு ஒரு நொடி, அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிடலாம் என்றுதான் இருந்தது. ஆனால் நாம் விழுந்து கிடக்கும் நேரம் பார்த்துப் பணத்தோடு வருகிற ஆளை அவள் இருபது வருடமாகக் கடையில் பார்த்திருக்கிறாள். வாய் முந்திக்கொண்டது.

"இதுல உங்களுக்கு என்ன ஆதாயம், மதினி? பத்திரம் யார் பேர்ல இருக்கணும்?"

ஆவுடையம்மாள் தம்ளரைக் கீழே வைத்தாள். காப்பி பாதி அப்படியே இருந்தது.

"எந்தம்பி செத்த அன்னைக்கி உன் பிள்ளைகள என் வீட்டுக்குத் தூக்கிட்டுப் போனனே, அப்பவும் இதத்தான் நெனச்சியா?" என்றாள். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. பதிலுக்கு நிற்காமல் செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கினாள்.

ஓடிப்போய்க் கூப்பிட வேண்டும் என்று ராமசெல்விக்குத் தெரியும். கிறிஸ்துமஸுக்கு ஒரு வாரம்கூட இல்லை என்பதும், இவளை விட்டால் வேறு வழியில்லை என்பதும் தெரியும். வாசல் வரை போனாள். ஷேர் ஆட்டோவுக்குக் கைகாட்டி நிற்கும் மதினியின் முதுகையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஆட்டோ வந்தது, ஆவுடையம்மாள் ஏறி உட்கார்ந்தாள், அப்போதும் ராமசெல்வி கூப்பிடவில்லை. இவ்வளவு சீக்கிரம் எழுந்து போகிறாளே, கட்டடத்தை வாங்க வேறு யாரிடமாவது பேசி வைத்திருக்கிறாளோ என்று யோசித்துக்கொண்டிருந்தாள்.