மூன்றாவது இடத்தில் சிவில்

பிரவுசிங் சென்டர் வைத்திருப்பவனுக்கு வருஷத்தில் பத்து மாதம் ஆதார் திருத்தம். மீதி இரண்டு மாதம் பெற்றவர்களைப் பாடாய்ப் படுத்தும் இன்ஜினியரிங் கவுன்சலிங்.

மேற்குத் தாம்பரத்தில் என் கடை. பிளஸ் டூ முடித்த பிள்ளையை வைத்துக்கொண்டு தூக்கம் தொலைத்திருக்கும் சக பெற்றோரே, இந்த வருஷம் நானும் உங்கள் கட்சி. என் மகள் பெர்சிக்கு அரசுக் கல்லூரியில் சிவில் படிக்க ஆசை. எனக்கோ அவள் கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்க வேண்டும். கல்லூரியும் பாடமுமாக வேண்டிய வரிசையில் அடுக்கி, போனுக்கு வரும் ஓ.டி.பி.யைப் போட்டுப் பூட்டிவிட்டால் பிறகு யார் வந்தாலும் மாற்ற முடியாது. மேலிருந்து பார்த்து, மார்க்குக்கு எது முதலில் எட்டுகிறதோ அதுதான் சீட். அவள் சிவிலை முதலில் எழுதிக் கொடுத்தாள். நான் அதற்கு மேலே இரண்டு கம்ப்யூட்டர் சயின்ஸைச் செருகிப் பூட்டிவிட்டேன். அவளிடம் சொல்லவில்லை. அந்த நிமிஷத்திலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

மின்சார ரயில் வரிசை

அஸ்தினாபுரத்திலிருந்து ஓர் அப்பா மகளோடு வந்தார். நோட்டில் நாற்பது கல்லூரிகளை முத்து முத்தாக எழுதியிருந்தார். ஸ்டேஷனில் இறங்கி நடந்து போகக்கூடியவை மேலே. வண்டி மாற வேண்டியவை நடுவில். இறங்கிப் பஸ் பிடிக்க வேண்டியவை அடியில். மகள் ஆசைப்பட்ட கல்லூரி முப்பத்தொன்றாவது!

"சார், பிள்ளைக்குப் பிடிச்சதை மேல வைங்க. அதுதான் முறை" என்று பிரசங்கம் செய்தேன். எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு சொன்னேனோ! "மழையில ரோடெல்லாம் தண்ணி நின்னா யாரு சார் கூட்டிட்டு வர்றது?" என்றார். அவர் கவலை அவருக்கு. அந்தப் பெண் நோட்டை வாங்கி, முப்பத்தொன்றாவதில் விரலை வைத்து என் பக்கம் திருப்பிவிட்டு அவரிடம் சொன்னாள்:

"மழை நாலு நாள்தாம்பா. காலேஜ் நாலு வருஷம்."

கேட்டில் கிடந்த போன்

பூட்டுவதற்குக் கடைசி நாள். மாலை ஐந்து மணி கெடு. நாலு மணிக்குப் படப்பையிலிருந்து ஓர் அம்மா மகனை இழுத்துக்கொண்டு ஓடி வந்தார். ஓ.டி.பி. அவர் கணவரின் போனுக்குத்தான் போகும். கணவரோ ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் ஷிப்டில் இருந்தார். அங்கே போனை உள்ளே கொண்டு போகக் கூடாது, கேட்டில் கொடுத்துவிட வேண்டும். ஏழாவது முறை அடித்தபோது செக்யூரிட்டி எடுத்தார். "வந்திருக்கிற நம்பரைக் கொஞ்சம் படிங்கண்ணா" என்று கெஞ்சினோம். மனுஷர் மசியவில்லை, போனையே வைத்துவிட்டார். எனக்கு வந்த கோபத்தில் கண்டபடி திட்டினேன்.

நாலே முக்காலுக்கு அதே போனிலிருந்து அழைப்பு. அவர் உள்ளே போய், மெஷினில் நின்றிருந்த கணவரைக் கையோடு கூட்டி வந்திருக்கிறார்! புது ஓ.டி.பி. அனுப்பினேன், கணவர் படித்தார், பூட்டியாயிற்று. அந்த அம்மாவுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. ஸ்பீக்கரில் செக்யூரிட்டியின் குரல் கேட்டது:

"யாருக்கும் சொல்லாதேன்னு மெசேஜ்லயே போட்டுகீது சார். நான் சொன்னா தப்பாயிடும், அதான் ஆளையே இட்டாந்துட்டேன்."

என் வீட்டுப் பக்கம்

சீட் ஒதுக்கீடு வந்த காலை. கடை கொள்ளாத கூட்டம். ஊர்ப் பிள்ளைகளின் பக்கங்களையெல்லாம் திறந்தேன். பெர்சியுடையதைத் திறக்க மட்டும் கை வரவில்லை. கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைத்திருந்தால் அவள் முகத்தில் எப்படி விழிப்பது? பிடிக்காத படிப்பை அவள் தலையில் கட்டியவன் நான்தானே.

கடைசியில் அவளே கடைக்கு வந்து, என்னை நாற்காலியிலிருந்து எழுப்பிவிட்டுத் தட்டினாள். அரசுக் கல்லூரி, சிவில். அப்பாடா! கூட்டத்தின் நடுவே வெட்கமில்லாமல் அழுதேன். அந்த நிம்மதியில், மேலே இரண்டைச் செருகியதையும் உளறிவிட்டேன். அவள் நிதானமாகப் பிரிண்ட் கொடுத்தபடி சொன்னாள்:

"பூட்டின அன்னிக்கே பார்த்துட்டேன்ப்பா. நீங்க வச்ச ரெண்டுக்கும் என் மார்க் பத்தாது, அதான் சண்டை போடாம விட்டேன்."

ஊர்ப் பிள்ளைகளுக்கு எது கிடைக்கும், எது கிடைக்காது என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடும் நான், சொந்த மகளின் மார்க்கை மட்டும் தகப்பன் கண்ணால் பார்த்து ஏமாந்துபோனேன், நல்லவேளை.